ஓட்டை விழாத இலைகள்

அத்தியாயம் 11

சனிக்கிழமை விடிந்தபோது குழாய் சத்தமில்லாமல் இருந்தது. அது ஊதிக்கொண்டிருந்த நாட்களைவிட இதுதான் சுகுணாவுக்கு அதிகக் கலக்கமாக இருந்தது. தூங்குகிற ஆளை எழுப்பிவிடாமல் நடப்பதுபோல அதைச் சுற்றி எட்டி நடந்து கீரைப் பாத்திக்குப் போனாள்.

ஓசூரில் மத்திகிரி மாட்டுப் பண்ணையைத் தாண்டி இந்த மனையை வாங்கியதும் தண்ணீருக்காக முதன்முதலில் போட்ட போர்வெல் அது. எண்ணூறு அடி போயும் புழுதிதான் வந்தது. முழங்கால் உயரத்துக்கு ஓர் இரும்புக் குழாய் மட்டும் தரைக்கு மேலே மிஞ்சியது. அதன் வாயில் ஒரு கடப்பைக் கல் துண்டை வைத்து மூடிவிட்டு, மூலையில் இன்னொரு போர் போட்டார்கள். அதில் தண்ணீர் வந்தது. தோட்டம் அந்தத் தண்ணீரில்தான் வளர்ந்தது. எட்டு வருடமாக யாரும் பழைய குழாயைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

போன செவ்வாய்க்கிழமை மாலை மழை பிடித்தபோதுதான் அது ஊதத் தொடங்கியது. காலி பாட்டிலின் வாயில் உதட்டை வைத்து ஊதினால் வருமே, அந்தச் சத்தம். மகள் சுவாதி விளையாட்டாகக் கல்லை ஒதுக்கிவிட்டு ஒரு துணிப்பையைக் குழாயின் வாயில் கட்டினாள். பை மெல்ல உப்பி ஒரு வயிறு மாதிரி நின்றது. சுவாதியின் சிரிப்பு பாதியில் நின்றது; பையைக் கழற்றிக் கல்லைத் திரும்ப வைத்துவிட்டாள். புதனும் வியாழனும் மழை பெய்தது, அதுவும் ஊதியது. வெள்ளிக்கிழமை மழையில்லை. குழாயும் பேசவில்லை.

இதைக் கணவர் விஜயகுமாரிடம் சொன்னபோது, "காத்தா இருக்கும்" என்றார். பிறகு பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டார்.

அதை யோசிக்க இன்று நேரமில்லை. நாளை சபையில் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் முந்நூறு பேர் பந்தியில் உட்கார்ந்து அசன விருந்து சாப்பிடுவார்கள். தூத்துக்குடிப் பக்கமிருந்து கம்பெனி வேலைக்கு வந்த குடும்பங்கள் கொண்டுவந்த வழக்கம். விஜயகுமாருக்கும் நாசரேத் பக்கம்தான் சொந்த ஊர். இந்த வருடம் சாம்பாருக்கும் பொரியலுக்கும் காய் முழுவதும் சுகுணா வீட்டுத் தோட்டத்திலிருந்துதான் என்று ஆயர் அறிவித்திருந்தார். கெலமங்கலத்தில் பிறந்து, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பின்வரிசையில் பாய் தேடி உட்கார்ந்தே பழகிய சுகுணாவுக்கு இது சின்ன விஷயமில்லை.

எல்லாம் இரண்டு வருடத்துக்கு முன் ஓர் அறுப்பின் பண்டிகையில் தொடங்கியது. மண்ணையும் தண்ணீரையும் கர்த்தர் நம்மிடம் ஒப்படைத்த பொருளாக எண்ணி வாழ எந்தக் குடும்பம் முன்வரும் என்று ஆயர் கேட்டார். முதலில் உயர்ந்த கை விஜயகுமாருடையது. வேதம் வாசிக்கச் சொன்னாலே வேர்த்துக் கொட்டும் மனுஷன். சுகுணா திரும்பிப் பார்த்து, கணவர்தானா என்று இன்னொரு முறை பார்த்துக்கொண்டாள்.

அடுத்த வாரமே பைக்கை விற்றார். ஆறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போனார். பிளாஸ்டிக் கவர் வீட்டுக்குள் வருவது நின்றது. சலவைப் பொடிக்குப் பதில் பூந்திக்கொட்டை வந்தது. சாப்பாட்டு மிச்சமெல்லாம் பின்வாசல் தொட்டியில் மக்கி எருவானது. ப்ளஸ் டூ படிக்கும் சுவாதிக்குப் பள்ளியில் 'துணிப்பை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவள் அழுதாள், கத்தினாள், பிறகு அவளே பைகளில் பூ வரைந்து எடுத்துப்போனாள்.

தோட்டம்தான் எல்லோரையும் வாயடைக்க வைத்தது. ஒரு சொட்டு மருந்து அடிக்கவில்லை. ஆனால் கீரையில் ஒரு ஓட்டையில்லை, கத்தரியில் ஒரு புழு இல்லை. போன மாதம் பெண்கள் கூட்டத்தில் சுகுணா எழுந்து நின்று சாட்சி சொன்னாள். "ஜெபம் பண்ணித்தான் தண்ணி ஊத்தறேன். ஒரு பூச்சி கூட கிட்ட வரதில்ல." சொல்லி முடித்ததும் எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அந்தச் சத்தம் வீட்டுக்கு வந்த பிறகும் அவள் காதில் இருந்தது.

அம்மாவும் மகளுமாகப் பறித்தார்கள். முள்ளங்கி, நூக்கல், கத்தரி, அரைக்கீரை. பூசணி மட்டும் இல்லை. பூ நிறையப் பூத்தும் அத்தனையும் பிஞ்சாகாமல் உதிர்ந்துவிட்டது. ஒன்பது மணிக்கு ஆட்டோக்காரர் அஜித்குமாரின் வண்டியில் எட்டு மூட்டை ஏறியது. பந்தல் வேலைக்காகக் காலையிலேயே சபைக்குப் போயிருந்த விஜயகுமார் இறக்கி வைத்துக்கொள்வார்.

ஆட்டோ போன பிறகு, சிதறிய தழைகளைப் பெருக்கிக்கொண்டே வந்தவள் குழாயருகில் நின்றாள்.

குழாயில் மூன்று பொட்டு வைக்கப்பட்டிருந்தது. அடியில் ஒரு கொத்து வேப்பிலை.

"நம்ம ருக்மணிதாம்மா வெச்சா. கோவிச்சுக்காதே." வேலிக்கு அந்தப் பக்கம் கரியப்பன் நின்றிருந்தார். அவர்களுக்கு மனையை விற்றவர். ருக்மணி அவர் மனைவி. பயம் வந்தால் அவருக்குக் கன்னடம் கலந்துவிடும். குழாய் உசிர் விடுகிறது, கீழே இருப்பது வெளியே வரப் பார்க்கிறது என்று பாதி அந்த மொழியிலும் பாதி இந்த மொழியிலும் சொன்னார். அவர்கள் வீட்டிலேயே மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து அரைத்த குங்குமம் என்றும், நேற்று சாயங்காலம் வைத்தது என்றும் சொன்னார்.

"எங்க வீட்ல இதெல்லாம் வெக்கறதில்லன்னு உங்களுக்குத் தெரியாதாங்க?"

"தெரியும். ஆனா பாரு, நாங்க செவப்பாதான் வெச்சோம். கீழ இருக்கற அவ வாங்கிக்கலை."

சுகுணா குனிந்து பார்த்தாள். கீழே இருந்த பொட்டு சிவப்பு. நடுப்பொட்டு பாதி. குழாயின் வாயருகே வைத்தது முழுக்க மஞ்சள்.

யாரும் அழித்த மாதிரி இல்லை. பொட்டு வட்டமாக அப்படியே இருந்தது, நிறம் மட்டும் போயிருந்தது. சமையலறையில் எத்தனை முறை பார்த்திருக்கிறாள். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். அந்தச் சிவப்பின் மேல் எலுமிச்சைச் சாறு பட்டால் திரும்ப மஞ்சளாகிவிடும். இங்கே எலுமிச்சை இல்லை. சத்தமில்லாத இரவிலும் புளித்த எதுவோ உள்ளேயிருந்து கசிந்து வந்து பொட்டைத் தொட்டிருக்கிறது.

கரியப்பன் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். அவருடைய மாடுகள் வேலி தாண்டி எல்லார் தோட்டத்திலும் வாய் வைக்கும். அதற்காக அவர் வாங்கிய திட்டுக்குக் கணக்கில்லை. "உங்க தோட்டத்துல மட்டும் வெக்காது. மோந்து பாத்துட்டு வந்துடும். நானும் அத உங்க சாமி காவல்னு நெனச்சிருந்தேன்."

சுகுணா துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

கீரைப் பாத்தியில் மண்டியிட்டு ஒவ்வொரு இலையாகத் திருப்பினாள். முட்டை இல்லை. அசுவினிப் பூச்சி இல்லை. எறும்பு இல்லை. கத்தரிப் பாத்தியிலும் இல்லை. களைக்கொத்தால் மண்ணைக் கிளறினாள். ஒரு சாண் ஆழம் போயும் ஒரு மண்புழு நெளியவில்லை. நிமிர்ந்து காதைக் கொடுத்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் தேனீக்கள் இரைவது கேட்டது. இந்தப் பக்கம் எதுவும் இல்லை. இரண்டு வருடமாக இந்த நிசப்தத்தில் நின்றுதான் அவள் ஜெபம் பண்ணினாள், நன்றி சொன்னாள். உதிர்ந்த பூசணிப் பூக்களைக் கூட்டி அள்ளியவளும் அவள்தான். ஒரு வண்டுகூட வரவில்லையே என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை.

பின்வாசல் எருத் தொட்டிக்கு ஓடினாள். அதற்குப் போர் தண்ணீர் ஊற்றுவதில்லை, அரிசி கழுவிய தண்ணீர்தான். மூடியைத் திறந்ததும் புழுக்கள் கொழுகொழுவென்று நெளிந்தன. ஒரு கைப்பிடி அள்ளி வந்து பாத்தியின் ஈர மண்ணில் விட்டாள்.

புழு என்றால் மண்ணுக்குள் போகும். இவை போகவில்லை. தலையைத் தூக்கின. ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. பிறகு எல்லாமே ஒரே திசையில், வெயில் காயும் செங்கல் வரப்பை நோக்கி ஊர்ந்தன. சுட்ட கல்லில் ஏறிச் சுருண்டன. அந்த மண்ணுக்கு இந்தச் சாவே மேல் என்பதுபோல.

சுகுணா ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தொட்டியில் போட்டாள்.

கடைசியாகக் குழாயை மூடியிருந்த கல்லை நகர்த்தினாள். குழாய்க்குள் இருட்டு. முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். சாணமோ சேறோ செத்த பெருச்சாளியோ மணக்கும் என்று நினைத்தாள். வந்தது அவளுக்கு நன்றாகப் பழக்கமான வாசனை. ஈர இரும்பும், தொண்டையைக் கீறும் புளிப்பும், எரிந்த ரப்பரும் சேர்ந்தது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த கணவரின் சட்டையைத் திரும்பிப் பார்த்தாள். சலவைப் பொடி போட்ட காலத்தில் மல்லிகை வாசம் எல்லாவற்றையும் மூடிவிடும். பூந்திக்கொட்டை அழுக்கை எடுக்கும், வாசனையை மூடாது. இரண்டு வருடமாக அவள் மோந்துவந்த அதே வாசனை.

விஜயகுமார் மேட்டுப் பக்கம் இருக்கிற ஒரு பிளேட்டிங் கம்பெனியில் வேலை பார்க்கிறார். உலோகச் சாமான்களுக்கு மெருகு பூசும் கம்பெனி. மெருகு பூசிய பிறகு மிஞ்சும் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் பண்ணும் பிரிவில் பத்தொன்பது வருடமாக இருக்கிறார்.

பதினொரு மணிக்கு அவர் பசியோடு வந்தார். இரண்டு மணி ஷிப்டுக்குப் போகவேண்டும். கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. சட்டையை எடுக்கக் கொடிக்குப் போனவர், சட்டை அங்கே இல்லாமல், குழாயருகில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் மனைவியைப் பார்த்தார்.

"என்னங்க, இத மோந்து பாருங்க. அப்புறம் இதையும் மோந்து பாருங்க."

அவர் மோந்து பார்க்கவில்லை. மஞ்சளாகிப்போன பொட்டைப் பார்த்தார். அமிலத்தோடு புழங்குகிறவருக்கு அதற்கு மேல் யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தார். நடை, பேச்சு எல்லாம் ஓசூர்க்காரராகிவிட்ட மனுஷனின் நாக்கில் நாசரேத் திரும்பி வந்தது.

"சொல்லுதேன். மழை பெஞ்சா தொட்டி நெறஞ்சு வழியும். சுத்தம் பண்ண ரெண்டு நாளாவும். அதுக்குள்ள மெசினு நிக்கக்கூடாதும்பாவ. காம்பவுண்டு ஓரத்துல தண்ணியில்லாத ஒரு பழைய போர் கெடக்கு. அதுல விடச் சொன்னாவ. நாந்தான் வால்வ தெறப்பேன்."

"எத்தன தடவ?"

"மழைக்கு மட்டும். வேற ஒருத்தர் கையும் அதுல பட விட்டதில்ல. வால்வத் திருகுத கைப்பிடி என் பையிலதான் கெடக்கும். கண்டவன் கண்ட நேரத்துல தெறந்திரக்கூடாதுன்னு." அதைச் சொல்லும்போது அவர் குரலில் லேசான பெருமைகூட இருந்தது. அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும், நிறுத்திக்கொண்டார். "அவ்வளவு ஆழத்துல போயிரும், யாருக்கும் ஒண்ணுமில்லன்னு நெனச்சேன் சுகுணா. இங்க வந்து நிக்கும்னு நெனக்கல."

மேட்டில் விட்ட தண்ணீர் பாறைக்குள் வழி தேடிப் பள்ளத்துக்கு வந்திருக்கிறது. இரண்டு வருடமாகச் சேர்ந்து நிறைந்த பிறகு, இந்த வாரம் வந்த தண்ணீர் அங்கிருந்த காற்றை இந்தக் குழாய் வழியாக வெளியே தள்ளியிருக்கிறது. இந்த வாரம் அவர் மழையில் கிளம்பிப் போன நாட்களில் எல்லாம் அது ஊதியது. சுகுணா விரல்விட்டு எண்ணாமலே புரிந்தது. அவள் மனசு வேறொன்றை எண்ணிக்கொண்டிருந்தது.

"ரெண்டு வருஷம் முன்னாடி சபையில கை தூக்கினீங்களே. அது இதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவர் அவள் கையிலிருந்த சட்டையை வாங்கி மடித்தார்.

"மொத தடவ தெறந்தது அதுக்கு முந்தின வாரம்."

பைக், துணிப்பை, பூந்திக்கொட்டை, எருத் தொட்டி. இந்த வீடு இரண்டு வருடமாகப் பக்தி என்று நினைத்து வாழ்ந்ததெல்லாம் ஒரு மனுஷன் ஒளித்துவைத்த ஒன்றுக்குச் செலுத்திய ஈடு. அவளுக்குக் கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வந்தது சுவாதியின் தட்டு. கீரையை ஒதுக்கிய பிள்ளையை, ஆண்டவர் கொடுத்தது, மிச்சம் வைக்காதே என்று அதட்டி அதட்டி ஊட்டிய கை இவளுடையது.

அடுத்த நொடியே அவளுக்கு எட்டு மூட்டையும் நினைவுக்கு வந்தது.

"காய் எங்க?"

"அறுக்க ஆரம்பிச்சிட்டாவ."

கல்லைக் குழாயின் வாயில் திரும்ப வைத்து, சுவாதியை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, சைக்கிளில் இரண்டு பேரும் கிளம்பினார்கள். வேலைக்குப் போகும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விஜயகுமார் மிதித்தார். பின்னால் கேரியரில் சுகுணா. வழியில் அவர் கெஞ்சினார். காரணம் சொல்லவேண்டாம். காய் வாடிவிட்டது என்று சொல்லித் திருப்பி எடுத்துவிடலாம். சந்தையில் வேறு வாங்கிக் கொடுத்துவிடலாம். வேலை போனால் சுவாதியின் காலேஜ் என்ன ஆவது? இதற்கு மேல் இந்த வயதில் எந்தக் கம்பெனி எடுக்கும்? சுகுணா சரி என்றாள். அவளுக்கும் பயம்தான். முதல் தூறல் கழுத்தில் விழுந்தபோது அவர் மிதிப்பது ஒரு கணம் நின்று, மறுபடி தொடர்ந்தது.

சபையின் பக்கத்துக் கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் பச்சைப் பசேலென்று குவியல்.

"இதெல்லாம் வேணாங்க. காலையில பறிச்சது வாடிடுச்சு. வேற வாங்கித் தரோம்" என்றாள் சுகுணா. பொய் நாக்கில் சுலபமாகத்தான் வந்தது.

ஜோதிமணி அக்கா நிமிர்ந்தார். பெண்கள் கூட்டத்தின் தலைவி. வாய் கொஞ்சம் நீளம். "என்னடி, குடுத்தத திருப்பி வாங்க வந்துட்டியா? சாட்சி சொன்னப்ப இருந்த மனசு இப்ப இல்லையா?" சுற்றிலும் சிரிப்பு. அவர் ஒரு கீரைத் தண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "வாடிடுச்சாம். பாருங்கடி, இதுவா வாடினது? ஒரு ஓட்டை காட்டுங்க பாக்கலாம்."

இலை வழியாக வெளிச்சம் பச்சையாக அவர் முகத்தில் விழுந்தது. நரம்பு நரம்பாகத் தெரிந்தது. ஒரு கறை இல்லை, ஒரு கடி இல்லை. அதைப் போய் யாரிடம் கெட்டது என்று சொல்வது? ஜோதிமணி சிரித்துக்கொண்டே அந்தத் தண்டைப் பலகையில் வைத்து அரிந்தார். பக்கத்தில் ஒருத்தி நூக்கல் துண்டு ஒன்றைக் குழந்தையின் கையில் கொடுத்தாள்.

சுகுணா குனிந்து குழந்தையின் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள். குழந்தை வீறிட்டது. சிரிப்பு நின்றது.

"ஓட்டை இல்லாததுதான் அக்கா கெடுதி" என்றாள். "பூச்சி கூட திங்காத காய் இது. நான் சொன்ன சாட்சி தப்பு."

யாருக்கும் புரியவில்லை. எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். மேற்கொண்டு சொல்ல வேண்டியது அவளுடையது இல்லை. அவள் கணவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் தள்ளுவதுபோல ஆகிவிடும் என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவருடைய செருப்புச் சத்தம் அவளைக் கடந்து போனது. கொட்டகைக்குள் வரவில்லை. ஆலயத்துக்குள் போனது.

உள்ளே பீடத்தின் படிகளில் பண்டிகைக்கான காணிக்கை அடுக்கப்பட்டிருந்தது. வாழைத்தார், கரும்பு, தளியிலிருந்து வந்த கோஸ், ராகிக் கதிர். ஆயர் ரோஜா மாலை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். விஜயகுமார் பையைத் திறந்து, ஒரு முழ நீள இரும்புக் கைப்பிடியை எடுத்துக் கோஸுக்கும் கரும்புக்கும் நடுவில் வைத்தார். கல்லில் இரும்பு பட்ட சத்தம் கொட்டகைவரை கேட்டது. பெண்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வாசலில் வந்து குவிந்தார்கள்.

"ஐயரே, நான் ஒரு காரியம் சொல்லணும்" என்று ஆயரை ஊர் வழக்கில் அழைத்தார். "நாளைக்கு இல்ல. இப்பவே."

சொன்னார். வேர்த்துக் கொட்டியது, ஆனால் நிறுத்தவில்லை. பழைய போர், வால்வு, மழை, தோட்டம், சாட்சி. ஒன்றையும் கம்பெனியின் தலையில் மட்டும் கட்டவில்லை. தெறந்தது என் கைதான் என்று இரண்டு முறை சொன்னார். ஜோதிமணி அக்கா தன் பச்சையான விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தார். ஆயர் மாலையை வைத்துவிட்டு, அந்தக் கைப்பிடியைத் தொடாமல், அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

இனிமேல் இதைத் தொடமாட்டேன் என்றார் விஜயகுமார். "இது இங்கயே கெடக்கட்டும். இது இல்லாம அங்க ஒண்ணும் தெறக்காது."

அந்த நிமிஷம்தான் சுகுணாவுக்கு மூச்சு வந்தது. நாளைக்கு என்ன சாப்பிடுவது, அடுத்த மாதம் என்ன செய்வது எல்லாம் அப்படியேதான் இருந்தன. ஆனால் குழாய் இனி ஊதாது. அந்த ஒன்று போதும்போல இருந்தது. வெளியே மழை வலுத்துத் தகரக் கூரையில் இரைந்தது. அதைக் கேட்டு இத்தனை நாளில் முதன்முறையாக அவள் பயப்படவில்லை.

கையிலிருந்த போன் அடித்தது. வீட்டிலிருந்து சுவாதி.

"அம்மா, அப்பா வேலைக்குப் போயிட்டாரா?"

"இல்லடி. என் எதிர்லதான் இருக்கார். ஏன்?"

சுவாதி போனைத் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். மழையின் இரைச்சலுக்கு அடியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. செவ்வாய்க்கிழமை கேட்டது பாட்டில் சத்தம். இது அடிவயிற்றிலிருந்து வந்தது. நடுவில் எதுவோ கனமாக விழுந்து உடைந்தது.

"கல்லத் தள்ளிடுச்சும்மா" என்றாள் சுவாதி. "தண்ணி வருது."

சுகுணா போனைக் காதிலிருந்து எடுக்காமலே திரும்பினாள். பீடத்தின் படியில், கோஸுக்கும் கரும்புக்கும் நடுவில், இரும்புக் கைப்பிடி வைத்த இடத்திலேயே கிடந்தது. மேட்டில் வேறு யாருடைய கையோ எதையோ திறந்துவிட்டிருக்கிறது. அதன் பக்கத்தில், இரண்டு வருடமாகத் தன் ஒரு கைதான் அதைச் செய்தது என்று நம்பியிருந்த மனுஷன், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு மழையைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார்.